தெரு முனை டிரான்ஸ்ஃபார்மரும் எம்.இ. புராஜெக்டும்

போன இதழில் எம்.இ. புராஜெக்ட் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, இராயபுரம் என்று பெரும்பாலும் நம்ம பக்கத்துப் பிள்ளைகளே எழுதியிருக்கிறார்கள். வடசென்னையில் மின் பகிர்மானப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். நாற்பது வயதுக்கு மேல் பகுதி நேரமாக எம்.இ. படித்தேன். ஓய்வு பெற்றபிறகு, புராஜெக்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் மாணவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால் இந்த முறை மீட்டர், பில் கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு முதுகலை ஆய்வு பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சார், எம்.இ. பவர் சிஸ்டம்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். "33 பஸ் சிஸ்டம் எடுத்துக்கோ, புதுசா வந்திருக்கிற ஒரு அல்காரிதம் போட்டு லாஸைக் குறைச்சுக் காட்டு, பேப்பர் ஆயிடும்" என்கிறார் கைடு. சீனியர்கள் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். எனக்கு மனசு ஒட்டவில்லை. வேறு என்ன செய்யலாம்? (மாணவி, வியாசர்பாடி)

பதில்: மனசு ஒட்டாததற்குக் காரணம் இருக்கிறது அம்மா. மற்ற வாசகர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஃபீடர் என்றால் துணைமின் நிலையத்திலிருந்து நம் பகுதிக்கு வரும் லைன். பஸ் என்றால் இங்கே அந்த ஃபீடரில் லோடு பிரிகிற ஒரு புள்ளி. 33 பஸ் சிஸ்டம் என்பது 1989-ல் பாரன், வூ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரைக்கு உதாரணமாகக் கொடுத்த ஒரு மாதிரி ஃபீடர். 12.66 கேவி, மொத்த லோடு 3,715 கிலோவாட், 32 துண்டு லைன், தேவைப்பட்டால் மூடிக்கொள்ள 5 இணைப்பு ஸ்விட்ச். அப்படியே ஓட்டினால் சுமார் 203 கிலோவாட் லைனிலேயே சூடாகிப் போய்விடும். எந்த ஸ்விட்சைத் திறந்து எதை மூடினால் இந்த நஷ்டம் குறையும் என்பதுதான் கணக்கு. அதற்கு விடை எப்போதோ வந்துவிட்டது. 7, 9, 14, 32, 37 ஆகிய ஐந்தும் திறந்திருந்தால் 139.55 கிலோவாட். எறும்பு, மின்மினி, ஓநாய், திமிங்கலம் என்று எந்தப் பெயரில் அல்காரிதம் போட்டாலும், ஒழுங்காக எழுதியிருந்தால் அந்த 139.55-ல்தான் வந்து நிற்கும். அதற்குமேல் குறைக்க அதில் ஒன்றுமில்லை. என்னுடையது 40 சுற்றில் போய்ச் சேர்ந்தது, அவருடையது 60 சுற்று என்று எழுதுவதுதான் மிச்சம்.

அதற்காக அந்த 33 பஸ்ஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லோடு ஃப்ளோ, அதாவது எந்த லைனில் எவ்வளவு கரண்ட், எந்தப் புள்ளியில் எவ்வளவு வோல்டேஜ் என்று கணக்கிடும் புரோகிராம் ஒன்றை நீங்களே எழுதுங்கள். முதல் வாரம் அதில் 33 பஸ் விவரத்தைக் கொடுத்துப் பாருங்கள். நஷ்டம் 202.67 கிலோவாட், 18-ஆவது பஸ்ஸில் வோல்டேஜ் (முழு வோல்டேஜை 1 என்று வைத்தால்) 0.9131 என்று வந்தால் உங்கள் புரோகிராம் சரி. அதோடு அதன் வேலை முடிந்தது. கைடுமீதும் கோபம் வேண்டாம். லேபை விட்டு வெளியே போகாமல், யாரிடமும் அனுமதிக்கு நிற்காமல், தேதிக்குள் முடிகிற வேலையைச் சொல்கிறார். பிள்ளை நல்லபடியாக முடிக்க வேண்டுமே என்ற கவலைதான் அது.

ஆனால் அந்த மாதிரி ஃபீடரில் இல்லாத ஒன்று உங்கள் தெருவில் இருக்கிறது. 33 பஸ்ஸில் மூன்று பேஸிலும் (மூன்று லைன் கம்பியிலும்) லோடு சமம். நாள் முழுக்க ஒரே லோடு. கரண்ட் திரும்பிப் போக நியூட்ரல் என்று ஒரு கம்பியே கிடையாது. நம்ம தெருவில் இந்த மூன்றில் எது உண்மை?

நான் எம்.இ. செய்தபோது பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்பக்கம் ஒரு தெருவில் நின்ற 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொண்டேன். அந்த அளவு டிரான்ஸ்ஃபார்மருக்கு எல்.டி. (தாழ்வழுத்த) பக்கம் முழு லோடு ஒரு பேஸுக்கு 333 ஆம்பியர். மே மாதம், ராத்திரி பத்தரை மணி. ஜவுளிக் கடைகள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருக்கின்றன, மேல்மாடி வீடுகளில் ஏசி போட ஆரம்பித்துவிட்டார்கள். ஒயர்மேன் டாங் டெஸ்டரை (கேபிளைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் காட்டும் கருவி) ஒவ்வொரு கேபிளாக மாட்டிச் சொல்லச் சொல்ல நான் டார்ச் வெளிச்சத்தில் எழுதினேன். ஆர் பேஸ் 310, ஒய் பேஸ் 190, பி பேஸ் 265. நியூட்ரல் எவ்வளவு வர வேண்டும் என்று புத்தகச் சூத்திரத்தில் போட்டால் 105 ஆம்பியர். டாங் டெஸ்டர் 122 காட்டியது. ஏதோ ரீடிங் பிசகு என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

நண்பர் ஒருவரிடம், அலை எப்படி நெளிந்திருந்தாலும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டர் இரவல் வாங்கிப் போய் வைத்தேன். அது 140 காட்டியது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கடைகளில் வரிசையாக எரிந்த சி.எஃப்.எல். விளக்குகளும் டி.வி., கம்ப்யூட்டர்களும் கரண்டைச் சீரான அலையாக இழுப்பதில்லை, வெட்டி வெட்டி இழுக்கின்றன. அதில் பிறக்கிற 3-ஆம் ஹார்மோனிக், அதாவது மூன்று மடங்கு வேகத்தில் துடிக்கும் கரண்ட், மூன்று பேஸிலும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும். மற்ற கரண்ட் நியூட்ரலில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், இது மட்டும் கூடிக்கொண்டே போகும். போதாததற்குச் சூத்திரம் மூன்று பேஸுக்கும் பவர் ஃபேக்டர் (வோல்டேஜுக்கும் கரண்டுக்கும் உள்ள நேர ஒத்துப்போதலின் அளவு) ஒரே மாதிரி என்று வைத்துக்கொள்கிறது. சாதாரண டாங் டெஸ்டர் வளைந்து நெளிந்த அலையைக் குறைத்துத்தான் காட்டும். இருபது நாள் ரீடிங்கை அப்படியே ஒதுக்கிவிட்டு, ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டரோடு முதல் நாளிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். அந்த 35 ஆம்பியர் வித்தியாசத்தைத் துரத்திக்கொண்டு போனதுதான் என் தீசிஸ். கடைசியில் ஆர் பேஸிலிருந்து சில சர்வீஸ்களை (வீடு, கடை இணைப்புகளை) ஒய் பேஸுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், மாற்றினார்கள். அடுத்த கோடையில் அந்தத் தெருவில் ராத்திரி பீஸ் போவது கண்ணெதிரே குறைந்தது. அந்த சந்தோஷம் இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது.

இப்போது உங்கள் விஷயம். 2025 ஜூன் கடைசியில் உங்கள் வியாசர்பாடி டிப்போவிலிருந்துதான் சென்னையின் 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓட ஆரம்பித்தன. வீட்டுக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு ஆய்வுப் பொருள் எத்தனை மாணவர்களுக்கு வாய்க்கும்? டிப்போ சார்ஜிங் ஹெச்.டி. (உயரழுத்த) சப்ளையில் இருக்கும், அது தனிக் கதை. ஆனால் வண்டி திரும்பிச் சார்ஜ் ஏறுகிற நேரமும், சுற்றியுள்ள தெருக்களில் ஏசி ஏறுகிற நேரமும் எங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன, சார்ஜிங்கை எத்தனை மணி நேரம் தள்ளினால் அந்த துணைமின் நிலையத்துக்கு மூச்சு விட இடம் கிடைக்கும் என்று பார்க்கலாம். பேருந்து புறப்பட வேண்டிய நேரம் கைக்குள் இருந்தால் அதுவே கட்டுப்பாடு. உங்களுக்கு அல்காரிதம் பிடிக்கும் என்றால் இந்த இடத்தில் போடுங்கள். விடை தெரியாத கணக்கு இது.

அது பெரிதாகத் தெரிந்தால் சின்னதாக ஒன்று. உங்கள் தெரு முனை டிரான்ஸ்ஃபார்மருக்கு எவ்வளவு ஆயுள் கரைகிறது என்று கணக்கெடுங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் உயிர் உள்ளே சுற்றியிருக்கும் காகிதத்தில்தான் இருக்கிறது. எண்ணெயை மாற்றலாம், காகிதத்தை மாற்ற முடியாது. சர்வதேச மின் தர அமைப்பான ஐ.இ.சி.யின் 60076-7 என்ற வழிகாட்டியின் கணக்குப்படி, சுருளின் மிகச் சூடான இடம் 98 டிகிரியில் இருந்தால் சாதாரணக் காகிதம் இயல்பான வேகத்தில் முதிரும். அதற்குமேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் அந்த வேகம் இரட்டிப்பாகும். 104-ல் இரண்டு மடங்கு, 110-ல் நான்கு மடங்கு.

இதில் நம்மூருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. அந்த வழிகாட்டி அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் சுற்றுப்புற வெப்பம் 20 டிகிரி. மே மாத நள்ளிரவில் நம்ம பக்கம் 30-ஐ ஒட்டி நிற்கும். முன்பெல்லாம் விளக்கு வைத்ததும் லோடு ஏறும், ஒன்பது பத்து மணிக்கு இறங்கும், டிரான்ஸ்ஃபார்மர் ராத்திரி ஆறிவிடும். இப்போது பத்து மணிக்குத்தான் ஏறவே ஆரம்பிக்கிறது. எண்ணெய் சூடேற மூன்று மணி நேரம்போல எடுத்துக்கொள்ளும். அதனால் லோடு உச்சம் பதினொன்றுக்கு என்றால் சூட்டின் உச்சம் அதற்குப் பிறகு, நள்ளிரவைத் தாண்டி வரும். நடுராத்திரி ஒரு மணிக்கு ஏன் டிரான்ஸ்ஃபார்மர் போகிறது என்று சனங்கள் கேட்கிற கேள்விக்கு இதில் பாதி பதில் இருக்கிறது. நம் நாட்டு டிரான்ஸ்ஃபார்மர்களை இங்குள்ள வெயிலுக்கேற்பத்தான் செய்கிறார்கள் என்பதால், புத்தக எண்ணை அப்படியே போடாமல் அந்த டிரான்ஸ்ஃபார்மரின் டெஸ்ட் ரிப்போர்ட்டில் இருக்கும் வெப்ப உயர்வை வாங்கிப் போடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். புராஜெக்டின் இரண்டாம் கட்டமான ஃபேஸ் டூ நாலாவது செமஸ்டரில் வருகிறது. ஏப்ரல் மே வெயிலில் ரீடிங் எடுக்க வேண்டுமென்றால் அனுமதிக் கடிதம் ஜனவரியிலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

கேள்வி: மின்வாரிய ஆபீசில் போய் "டேட்டா வேணும்" என்றால் யாருமே பேச மாட்டேன் என்கிறார்கள் சார். மூன்று முறை அலைந்துவிட்டேன். (மாணவர், இராயபுரம்)

பதில்: தம்பி, "டேட்டா வேணும்" என்று கேட்டால் எதிரே இருப்பவருக்கு எதைக் கொடுப்பது என்றே தெரியாது. ஃபீடர் பெயர் சொல்லுங்கள், மாதம் சொல்லுங்கள், எந்தப் பதிவேடு என்று சொல்லுங்கள். துணைமின் நிலையத்தில் ஒவ்வொரு 11 கேவி ஃபீடரின் ஆம்பியரையும் மணிக்கு மணி ஆபரேட்டர் லாக் ஷீட்டில் எழுதுகிறார். எப்போது டிரிப் ஆனது, எந்த ரிலே (பழுதைக் கண்டு லைனைத் துண்டிக்கச் செய்யும் கருவி) விழுந்தது, எப்போது மறுபடி லைனுக்குக் கரண்ட் கொடுத்தார்கள் என்பதும் பதிவாகும். துறைத் தலைவர் கையெழுத்தோடு செயற்பொறியாளருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். "இந்த ஃபீடரின் கடந்த ஏப்ரல், மே லாக் ஷீட்டை ஆபீசிலேயே உட்கார்ந்து நகல் எழுதிக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். அவர்களுக்கு வேலை கூடாது என்று தெரிந்தால் பேச்சே மாறிவிடும். முடிவை ஒரு பக்கத் தமிழ் அறிக்கையாக அவர்களுக்கும் தருகிறேன் என்று சேர்த்து எழுதுங்கள், மறக்காமல் கொடுத்தும் விடுங்கள். நான் வேலையில் இருந்தபோது டேட்டா வாங்கிப் போன மாணவர்களில் திரும்பி வந்து "இதுதான் சார் கண்டுபிடிச்சேன்" என்று சொன்னவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேருக்கும் பிறகு எது வேண்டுமென்றாலும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

இன்னொரு வழி, யாரிடமும் அலையாமல் செய்யக்கூடியது. வீட்டு எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்குமே, பார்த்திருப்பீர்கள். அதன் பக்கத்தில் யூனிட்டுக்கு 3,200 என்றோ 1,600 என்றோ ஒரு எண் அச்சாகியிருக்கும். 3,200 முறை மினுக்கினால் ஒரு யூனிட். அந்த விளக்கெதிரே ஒரு சின்ன ஒளி உணரியை வைத்து, சில நூறு ரூபாய் மைக்ரோகன்ட்ரோலரில் எண்ணிக்கொண்டே இருந்தால், நிமிடத்துக்கு நிமிடம் அந்த வீட்டின் லோடு கிடைத்துவிடும். ஒரு ஒயரையும் தொட வேண்டாம். மீட்டர் வாரியத்தின் சொத்து, அதனால் அனுமதி வாங்கித்தான் வைக்க வேண்டும். வீட்டுக்காரரிடமும் எழுதி வாங்குங்கள்.

இது ஏன் பெரிய விஷயம் என்று சொல்கிறேன். நம் மாநிலத்தில் வீட்டு மீட்டரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் ரீடிங். 400 யூனிட் என்று தெரியும். அது ராத்திரி பதினொன்றுக்கு ஓடியதா, பகல் இரண்டுக்கு ஓடியதா என்று யாருக்கும் தெரியாது. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில், ஒரே மீட்டர் ரூமில் 24 வீட்டு மீட்டர் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வீடும் தனித்தனியே உச்சத்தில் எவ்வளவு இழுக்கிறது, 24 வீடும் சேர்ந்து ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கிறது, இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் அந்த இடத்துக்கு எத்தனை கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் வைப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. இதை நாம் பழைய பழக்கத்தில் குத்துமதிப்பாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு கோடை, ஒரு மழைக்காலம் என்று இரண்டு பருவத்துக்கு அளந்து காட்டினீர்கள் என்றால், உங்கள் தீசிஸைத் தேடி வந்து கேட்பார்கள்.

கேள்வி: ஐயா, நான் காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்கிறேன். மகன் பி.இ. எலக்ட்ரிக்கல் முடித்துவிட்டு எம்.இ. சேரணும் என்கிறான். இன்னும் இரண்டு வருடம் சம்பளம் இல்லாமல் போய்விடுமே என்று வீட்டில் கவலை. சேர்க்கலாமா? (ஒரு தகப்பன்)

பதில்: கவலை நியாயமானது ஐயா. தம்பியை 'கேட்' என்ற தேசிய அளவிலான தேர்வை எழுதச் சொல்லுங்கள். அதில் தகுதி பெற்று அங்கீகாரம் உள்ள கல்லூரியில் முழு நேரமாகச் சேர்ந்தால், தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கொடுக்கிறது. வீட்டுக்கு அது போதாது, ஆனால் பையன் கையை ஏந்தாமல் படிக்கலாம். வேலை கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் எம்.இ. சேருகிறான் என்றால் நான் வேண்டாம் என்பேன். படிப்பில் ஆசை இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். நீங்கள் சரக்கு எடுக்கிற ஐஸ் ஃபேக்டரிக்கு ஒரு நாள் கூட்டிப்போங்கள். கம்ப்ரஸர் மோட்டாரை ஸ்டார்ட் பண்ணும்போது அங்கே எரிகிற பல்பைப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு நொடி மங்கும். நேரடியாக ஸ்டார்ட் பண்ணினால் மோட்டார் முழு லோடு கரண்டைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும் என்பதால் வருகிற மங்கல் அது. அதைப் பார்த்துவிட்டு "பக்கத்துத் தெருவிலும் மங்குமாப்பா? கெப்பாசிட்டர் எங்கே வெச்சிருக்காங்க?" என்று அவனாகக் கேட்டான் என்றால் தயங்காமல் சேருங்கள். அவனுடைய புராஜெக்டும் அந்த ஃபேக்டரியிலேயே இருக்கிறது.

கேள்வி: எங்கள் பக்கம் பனிக்காலத்தில், விடியற்காலை நாலு ஐந்து மணிக்கு அடிக்கடி கரண்ட் போகிறது. மழை இல்லை, காற்று இல்லை, அந்த நேரத்தில் லோடும் இல்லை. விடிந்து வெயில் வந்ததும் வந்துவிடுகிறது. ஏன்? (பள்ளி ஆசிரியை, கத்திவாக்கம்)

பதில்: நீங்கள் மாணவி இல்லை என்றாலும் இந்தக் கேள்வியை இங்கே எடுத்துக்கொள்கிறேன், இதற்குள் அருமையான ஒரு ஆய்வு இருக்கிறது டீச்சர்.

உங்கள் பக்கம் லைன் இன்சுலேட்டரின்மேல் கடல் காற்றில் வரும் உப்பு படிகிறது. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டாலும், அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலையங்கள் ஓடுகின்றன, சாம்பலும் நிலக்கரித் தூசும் அந்த உப்போடு சேர்கின்றன. காய்ந்திருக்கும்வரை இந்தப் படிவு எதுவும் செய்யாது. பெரிய மழை பெய்தாலும் கவலையில்லை, கழுவிக்கொண்டு போய்விடும். பனிதான் எதிரி. உப்பைக் கரைக்கிற அளவுக்கு ஈரமாக்கும், கழுவுகிற அளவுக்கு நீர் இருக்காது. இன்சுலேட்டர் முழுக்க உப்புநீர்ப் படலம் போர்த்தி, அதன் வழியாகக் கரண்ட் ஊர ஆரம்பிக்கும். ஊரும் சூட்டில் அங்கங்கே படலம் காய்ந்து வளையம்போல ஒரு வறண்ட பட்டை உண்டாகும். அந்தப் பட்டையைத் தாண்டத் தீப்பொறி விழும். இருட்டில் நின்று பார்த்தால் நீலமாகத் துடிக்கும், காதை வைத்தால் ஸ்ஸ் என்று எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தம் கேட்கும். ஒரு போகிக்கு விடியற்காலையில், ஊரெல்லாம் புகை, நான் எர்ணாவூர்ப் பக்கம் ஒரு கம்பத்துக்குக் கீழே நின்று அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறி மேலிருந்து கீழ்வரை இணைந்துவிட்டால் ஃபீடர் டிரிப். வெயில் வந்து காய்ந்ததும், எதுவும் நடக்காததுபோல் லைன் நின்றுகொள்ளும். அதனால்தான் போய்ப் பார்க்கிற லைன்மேனுக்குத் தப்பு எங்கே என்றே அகப்படாது.

இதை ஆய்வாகச் செய்ய நினைக்கிற மாணவர்களுக்கு: எல்.சி. (லைனில் கரண்டை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதி) எடுத்து லைன் ஊழியர்கள் கழற்றித் தரும் பழைய இன்சுலேட்டர் போதும். குறிப்பிட்ட பரப்பைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, அந்த நீரின் மின்கடத்தும் திறனை அளந்தால், சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்புக்குச் சமம் என்று வரும். கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டர், ஒன்று, இரண்டு, நான்கு என்று இடம் வைத்து மாதாமாதம் எடுங்கள். மிக மோசமான மாசுள்ள இடத்துக்கு வோல்டேஜில் ஒவ்வொரு கிலோவோல்ட்டுக்கும் 31 மில்லிமீட்டர் ஊர்தூரம் (இன்சுலேட்டரின் மேற்பரப்பு வழியாகக் கரண்ட் ஊர வேண்டிய தூரம்) வேண்டும் என்பது பழைய ஐ.இ.சி. கணக்கு. 11 கேவி லைனுக்கு உச்ச அளவாக 12 கேவியை வைத்துப் பெருக்கினால் 372 மில்லிமீட்டர். மாட்டியிருக்கிற இன்சுலேட்டரின் ஊர்தூரம் எவ்வளவு என்று ஒரு நூலை அதன் வளைவெல்லாம் ஒட்டிப் பிடித்து அளந்தாலே தெரிந்துவிடும். எந்த மாதத்தில் கழுவினால் எத்தனை டிரிப் மிச்சம் என்று ஒரு வருடப் பதிவோடு சொல்ல முடிந்தால், அது கத்திவாக்கம், எர்ணாவூர், திருவொற்றியூர் சனங்களுக்கு உதவுகிற தீசிஸ்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் மேட்லாப் (கணக்கீட்டு மென்பொருள்) லைசென்ஸ் குறைவு. இலவசமாக எதுவும் இருக்கிறதா? (மாணவர், பெரம்பூர்)

பதில்: ஓப்பன் டி.எஸ்.எஸ். அமெரிக்காவின் எப்ரி நிறுவனம் 2008-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. பகிர்மானத்துக்கென்றே செய்தது, சமமில்லாத மூன்று பேஸ், நியூட்ரல், 24 மணி நேர லோடு எல்லாம் போடலாம். பைத்தான் தெரிந்தால் அதிலிருந்தே ஓட்டலாம்.

கேள்வி: மழை வந்தால் எங்கள் தெருவில் பில்லர் பாக்ஸ் (தெரு மின்பெட்டி) பாதி முழுகிவிடும். அதைத் தாண்டித்தான் பிள்ளைகள் போக வேண்டும். ஒவ்வொரு வருடமும் உயிர் நடுங்குகிறது. இதையெல்லாம் யாரும் ஆராய்ச்சி செய்ய மாட்டார்களா? (இல்லத்தரசி, கொடுங்கையூர்)

பதில்: 2017 நவம்பர் மழையில் உங்கள் கொடுங்கையூரில்தான், தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து இரண்டு சிறுமிகள் இறந்துபோனார்கள். அதை நினைக்காமல் உங்கள் கடிதத்தை என்னால் படிக்க முடியவில்லை அம்மா. அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. என் வேலையே கரண்டைத் தெருவுக்குக் கொண்டுவருவதாக இருந்தது.

ஏன் பீஸ் போகவில்லை என்று அப்போது பலர் கேட்டார்கள். விளக்க வேண்டியது அதுதான். பில்லர் பாக்ஸில் இருக்கும் பீஸ் 100, 200 ஆம்பியருக்கானது. தண்ணீர் வழியாக மண்ணுக்குள் கசியும் கரண்ட் சில ஆம்பியரைத் தாண்டாது. பீஸ் அதைச் சாதாரண லோடு என்றுதான் எடுத்துக்கொள்ளும். மனித உயிரைப் பறிக்க ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். பீஸ் கேபிளைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. வீட்டுக்குள் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடுகிற ஆர்.சி.டி. வந்துவிட்டது. தெருவில் அதை அப்படியே வைக்க முடியாது. மழை நாளில் நூறு வீட்டின் சின்னச் சின்னக் கசிவும் கூடி, ஆபத்தில்லாத நேரத்திலும் தெருவையே இருட்டாக்கிவிடும்.

அப்படியானால் எது ஆபத்தான கசிவு, எது பழக்கமான கசிவு என்று பிரித்தறிவது எப்படி? சரியான எம்.இ. புராஜெக்ட் இதுதான். மூன்று பேஸ், நியூட்ரல் நான்கையும் ஒரே சி.டி. (கரண்ட்டை அளக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வளையத்துக்குள் விட்டால், போன கரண்டும் வந்த கரண்டும் போக மண்ணுக்குள் போனது மட்டும் அந்த வளையத்தில் தெரியும். நியூட்ரல் வழியில் வேறெங்கும் எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் நீர்மட்டம் காட்டும் ஒரு சின்ன உணரி. நீர் ஏற ஏறக் கசிவும் கூடவே ஏறினால் அந்த பாக்ஸ்தான் காரணம். முதலில் பிரிவு அலுவலகத்துக்கு எச்சரிக்கை, குறிப்பிட்ட மட்டம் தாண்டினால் துண்டிப்பு. இதைக் கல்லூரி வளாகத்திலேயே, ஒரு தொட்டியில் பழைய பில்லர் பாக்ஸை இறக்கி, ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் குறைந்த வோல்டேஜில் செய்து பார்க்கலாம். மழைத் தண்ணீர், சாக்கடை கலந்த தண்ணீர், கடற்கரைப் பக்கத்து உப்புத் தண்ணீர் மூன்றுக்கும் கசிவு எவ்வளவு வேறுபடுகிறது, பாக்ஸிலிருந்து எத்தனை அடி தூரம்வரை தண்ணீரில் வோல்டேஜ் இருக்கிறது என்று ஒரு வரைபடம் போடுங்கள். இதைப் படிக்கிற மாணவர்களில் ஒருவராவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வருகிறவருக்கு என் வீட்டுக் கதவு திறந்தே இருக்கும். ஆனால் தெருவில் இருக்கும் பாக்ஸை ஊழியர் இல்லாமல் எந்த மாணவரும் திறக்கவே கூடாது, ஒரு ரீடிங்குக்காகக்கூட.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது: மழைக்கு முன்பே, செப்டம்பரில், போன வருடம் தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவரில் கோடு போட்டு, பாக்ஸோடு சேர்த்துப் போட்டோ எடுத்து, பீடத்தை உயர்த்தித் தரக் கேட்டுப் பிரிவு அலுவலகத்தில் தெருவில் நாலு பேர் கையெழுத்தோடு மனு கொடுங்கள். தண்ணீர் வந்துவிட்டால் 94987 94987-க்கு, மின்னகம், அழைத்துச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கேள்வி: பத்தாவதுவரை தமிழ் வழியில் படித்தேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இங்கிலீஷில் கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எப்படிச் சமாளிப்பது? (மாணவர், தண்டையார்பேட்டை)

பதில்: நீங்களே அளந்த ரீடிங்கைப் பற்றிப் பேசும்போது நாக்கு அவ்வளவாக ஒட்டாது தம்பி. பத்து நிமிடத்தில் சொல்ல வேண்டியதைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதையே சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமாக மாற்றி, வீட்டில் யாரையாவது எதிரே உட்காரவைத்து ஐந்து முறை சொல்லிப் பாருங்கள். தேர்வாளர் தமிழ் தெரிந்தவராக இருந்தால், மாட்டிக்கொள்கிற இடத்தில் "சார், இதைத் தமிழில் சொல்லலாமா" என்று கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அப்புறம், ரீடிங் எழுதின நோட்டை, எண்ணெய்க் கறையோடு அப்படியே, கையில் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த எண்ணைக் கேட்டாலும் அந்தப் பக்கத்தைத் திருப்பித் தேதி, மணி, மீட்டர் பெயரோடு காட்டுங்கள்.